பரண் ஆட்டுக் கொட்டத்தின் தளமும் கால்களும் மழையில் மக்காமல் காப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் நின்ற பரண் கொட்டத்துக்கு ஐந்து வயதுகூட ஆகவில்லை. 12க்கு 10 அடி, ஆறு தைலமரக் கால்கள், தரையிலிருந்து நாலடி உயரத்தில் பலகைத் தளம், மேலே தகரம். ஒரு கார்த்திகை மாதக் காலையில் ஆடுகள் எல்லாம் வடகிழக்கு மூலையை விட்டு ஒதுங்கி நிற்பதைப் பார்த்து, என்னவென்று கீழே குனிந்தேன். மூலைக் கால் தரையைத் தொடும் இடத்தில் அரிவாள் நுனியை வைத்து அழுத்தினால், டீயில் நனைத்த பொரைக்குள் இறங்குவதுபோல் இரண்டு அங்குலம் உள்ளே போனது. அதே காலில் ஒரு முழம் மேலே தட்டினால் ணங்கென்று கேட்டது. மண்ணைத் தோண்டிப் பார்த்தால் ஆழத்தில் இருந்த பகுதியும் ஓரளவு கெட்டியாகத்தான் இருந்தது. தரை மட்டத்தில் அந்த ஒரு சாண் மட்டும் போய்விட்டது.

மரத்தை மக்க வைக்கிற பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். மண்ணுக்குள் ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று குறைவு. மேலே காற்று உண்டு, வெயில் பட்டதும் மரம் காய்ந்துவிடும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்கிற இடம் தரை மட்டம். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை தலையெடுக்காது. அதனால் கொட்டம் நனையவே கூடாது என்று போராடுவதைவிட, நனைந்தது சீக்கிரம் காய்வதற்கு வழி செய்வதுதான் முக்கியமான வேலை. பெயிண்டுக்குச் செலவழித்த காசை நாங்கள் காலடிக்குச் செலவழித்திருக்க வேண்டும். அந்த மூலையைப் பிரித்து, பிறகு கொட்டம் முழுவதையும் திரும்ப நிறுத்தியபோது செய்தவற்றைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். விறகுக் கொட்டகை, கோழிக்கூண்டு, மோட்டார் ரூம் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் ஒரு மழையில் நின்று பாருங்கள்

கையில் குடையோடு கொட்டத்தைச் சுற்றி ஒருமுறை வந்தால் போதும், எங்கே செலவழிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, விழுந்த இடத்திலிருந்து எவ்வளவு உயரத்துக்குச் சேறு தெறிக்கிறது, மேட்டுப் பக்கத்துத் தண்ணீர் கொட்டத்துக்கு அடியில் புகுகிறதா, மழை விட்டு அரைமணி கழித்து எந்த இடத்தில் இன்னும் தேங்கி நிற்கிறது. இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மழை இல்லாத நாளில் பார்ப்பதானால் கால்களில் காய்ந்த சேற்றுக் கோடு இருக்கும், அதைப் பாருங்கள். எங்கள் கொட்டத்தில் அது தரையிலிருந்து ஓரடிக்கு மேல் இருந்தது.

ஒரு கணக்கும் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 12க்கு 10 கொட்டத்துக்கு நாலு பக்கமும் இரண்டடி இறவாணம் விட்டால் கூரை 16க்கு 14 அடி, ஏறக்குறைய 21 சதுர மீட்டர். ஐப்பசியில் 5 செ.மீ. மழை பெய்யும் ஒரு நாளில் அந்தச் சின்னக் கூரையிலிருந்து மட்டும் ஆயிரம் லிட்டருக்கு மேல் இறங்கும். மொட்டைமாடியில் நிற்கிற ஒரு கறுப்புத் தொட்டி அளவு. அத்தனையும் கால்களுக்குப் பக்கத்தில் ஒரே கோட்டில் விழுகிறது.

இடமும் மண்ணும்

மதுரையைச் சுற்றி மண் ஊருக்கு ஊர் மாறும். திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர்ப் பக்கம் கரிசல். மேலூர்ப் பக்கம் செம்மண்ணும் பாறையும். சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கம் பெரியாறு வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் மழையே இல்லாமல் நிலம் ஊறிக்கொண்டிருக்கும். செம்மண் தண்ணீரைச் சீக்கிரம் விட்டுவிடும், அங்கே பெரிய கவலை இல்லை. கரிசலில்தான் கவனம் வேண்டும். அது நனைந்தால் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாகப் பிளக்கும். அதன் மேல் நேரடியாகக் கான்கிரீட் போட்டால் மண்ணோடு சேர்ந்து அதுவும் ஏறி இறங்கி விரிசல் விடும், விரிசல் வழியே தண்ணீர் இறங்கும். கரிசல்காரர்கள் கொட்டம் நிற்கும் இடத்தில் ஒன்றரை முதல் இரண்டடி மண்ணை எடுத்துவிட்டுக் கிராவல் மண்ணைக் கொட்டி, அரையடி அரையடியாகத் தண்ணீர் தெளித்துத் திமிசு போட வேண்டும். ஒரே தடவையில் கொட்டி மேலே மட்டும் இடித்தால் அடியில் அமராது. வாய்க்கால் பாசனப் பகுதியில் இதே கிராவலால் தரையையே ஓரடி உயர்த்திக்கொள்ளுங்கள்.

கொட்டத்தின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். வெயில் காலத்தில் ஆடுகளுக்கு அதுதான் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள், மழைக்கும் அது உதவுகிறது. ஐப்பசி கார்த்திகை மழை நமக்கு வடகிழக்கிலிருந்து வீசி அடிக்கிறது. ஒற்றைச் சாய்ப்புக் கூரையாக இருந்தால் தாழ்ந்த பக்கத்தை வடக்கே வையுங்கள், அந்தச் சாரலை அது மறைக்கும். உயர்ந்த பக்கம் தெற்கே இருந்தால் மார்கழி தை மாதங்களில் தெற்கே சாய்ந்த சூரியன் உள்ளே புகுந்து தளத்தைக் காய வைக்கும். எங்கள் பழைய கொட்டத்தில் இதைத் தலைகீழாகச் செய்து வைத்திருந்தார்கள்.

கால்கள்: மண்ணில் நடாதீர்கள்

இந்தப் பகுதியைத்தான் பொறுமையாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் கொட்டம் விழுவது காலில்தான். சவுக்கோ தைலமரமோ, எதைக் குழியில் நட்டாலும் தரை மட்டத்தில் மக்கும். சுற்றிக் கான்கிரீட் ஊற்றிவிட்டால் தப்பிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். மரம் காய்ந்து சுருங்கும்போது கான்கிரீட்டுக்கும் அதற்கும் நடுவில் இடைவெளி விழும், அதற்குள் இறங்கிய தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் கிண்ணத்தில் நிற்பதுபோல் நிற்கும். வெறும் மண்ணில் நட்டதைவிட இது சீக்கிரம் போகும்.

நாங்கள் செய்தது: ஒவ்வொரு காலுக்கும் ஒன்றரையடிச் சதுரக் குழி, இரண்டரையடி ஆழம் (கரிசலில் மூன்றடி எடுங்கள்). அடியில் நாலு அங்குலம் 40 மி.மீ. ஜல்லி. அதன் மேல் கம்பி வைத்து, ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு கலவையில் (சிமெண்ட், மணல், ஜல்லி) ஒன்பது அங்குலச் சதுரத்தூண், தரைக்கு மேல் ஓரடி நீட்டிக்கொண்டு. தூணின் தலையை மட்டமாக விடாமல் நடுவிலிருந்து நாலு பக்கமும் சரித்து வழிக்கச் சொன்னோம். கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே வெல்டிங் பட்டறையில் செய்த இரும்பு லாடத்தை நடுவில் பதித்துவிட வேண்டும். 6 மி.மீ. பிளேட், இரண்டு பக்கமும் நிமிர்ந்த பட்டைகள், அவற்றில் 12 மி.மீ. போல்ட்டுக்கான துளைகள், பிளேட்டின் மேல் ஒரு அங்குலச் சதுரக் கம்பித் துண்டுகள் இரண்டு. மரக்கால் அந்தத் துண்டுகளின் மேல்தான் உட்காரும், பிளேட்டைத் தொடாது. அடியில் காற்று போகும். அந்த ஒரு அங்குலம்தான் காலின் ஆயுள்.

அப்புறம் காலின் வெட்டுமுகம். மரம் தண்ணீரைக் குடிப்பது பக்கவாட்டில் அல்ல, அறுத்த முனையில், உறிஞ்சுகுழலைக் கத்தையாகக் கட்டி நிறுத்தியதுபோல. ஆகவே மேல்முனையும் அடிமுனையும் மரப் பிரைமரை இழுத்து இழுத்துக் குடிக்கும். இனி குடிக்காது என்கிறவரை அடியுங்கள், எங்களுக்கு மூன்று கை பிடித்தது. போல்ட் துளைகளுக்குள்ளும் சின்னப் பிரஷ் விட்டுத் தடவுங்கள், விட்டம் உட்காரக் காலில் போடும் வெட்டுக்களிலும் தடவுங்கள். தார் பூசுவது பழைய வழக்கம், தப்பில்லை, ஆனால் பச்சை மரத்தில் பூசினால் உள்ளே இருக்கும் ஈரத்தை அடைத்து வைத்தது ஆகிவிடும். மரம் பங்குனி சித்திரை வெயிலில் நிழலோரம் அடுக்கி இரண்டு மாதமாவது காய்ந்திருக்கட்டும். எரிந்த இன்ஜின் ஆயிலைப் பூசாதீர்கள். ஆடு கடிக்கும், நக்கும், அது மண்ணுக்கும் இறங்கும். ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றிய கட்டையையும் ஆட்டுக்கு எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது.

மரம் வாங்கும்போது வைரத்தை, அதாவது நடுவில் இருக்கும் முற்றிய கட்டையைப் பாருங்கள். வெளிவட்டத்து வெள்ளைக் கட்டைதான் முதலில் மக்கும், முதலில் உளுக்கும். வேங்கை வைரம், தேக்கு வைரம், வைரம் பாய்ந்த பனை, இவை நிற்கும். இடித்த ஓட்டு வீட்டிலிருந்து வந்த பழைய பனங்கையும் விட்டமும் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். எத்தனையோ வருஷம் காய்ந்து முறுகிய மரம் அது.

மரமே வேண்டாம் என்றால் கல்லுக்கால். பந்தலுக்கும் வேலிக்கும் ஊன்றுகிற அதே கருங்கல் கால்தான், மேலூர்ப் பக்கம் கல்லுக்குப் பஞ்சமில்லை. இரண்டரையடி மண்ணுக்குள், நாலடி வெளியே. பரணின் விட்டத்தை அதன் தலையில் உட்கார வைத்துவிட்டால் மண்ணுக்கும் மரத்துக்கும் சம்பந்தமே இல்லை. கல்லைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது.

இரும்புக் குழாய்க் காலாக இருந்தால் எதிரி துரு, அதுவும் உள்ளேயிருந்து. மேல்முனையை மூடி வெல்டு வையுங்கள். குழாய் கான்கிரீட்டுக்குள் நுழையும் இடத்தில் கான்கிரீட்டைக் கூம்பாக வெளியே சரித்து வழியுங்கள். அதற்குச் சற்று மேலே குழாயில் கால் அங்குல அகலத்தில் ஒரு சின்னத் துளை போட்டால் உள்ளே சேரும் தண்ணீர் வடியும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயை வெல்டு வைத்தால் அந்த இடத்தில் துத்தநாகம் எரிந்துபோகும், அங்கேதான் முதலில் துரு பிடிக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துத்தநாகப் பெயிண்ட் அடிக்காமல் ஆசாரியை அனுப்பாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. கால் மண்ணில் புதைந்திருந்தபோது அதுவே கொட்டத்தை ஆடாமல் பிடித்திருந்தது. இப்போது லாடத்தில் நிற்பதால் அந்தப் பிடி குறையும். நாலு பக்கமும் பெருக்கல் குறி போலக் குறுக்குக் கட்டை கட்டாயம் போட வேண்டும், இல்லாவிட்டால் ஆடிக் காற்றில் கொட்டமே ஆடும்.

கரையானுக்கும் இந்த ஓரடித் தூண்தான் பாதுகாப்பு. மண்ணில் நட்ட காலுக்குள் கரையான் ஏறினால் வெளியே தெரியாது. கான்கிரீட் தூணில் ஏற வேண்டுமானால் மண் பூசிக்கொண்டுதான் ஏறும், பார்த்ததும் சுரண்டிவிடலாம். மருந்து ஊற்றுவதானால் கட்டுவதற்கு முன், காலடிக் குழியில் மட்டும், டப்பாவில் அச்சிட்ட அளவில், கிணற்றை விட்டுத் தள்ளி. ஆடு வந்த பிறகு வேண்டாம்.

பரண் தளம்: கழற்றி எடுக்கிற மாதிரி செய்யுங்கள்

பரணில் மழைத்தண்ணீரைவிட மூத்திரம்தான் தினமும் நனைக்கிறது. அதோடு புழுக்கை இடுக்கில் அடைத்துக்கொண்டால் ஈரத்துணியை மரத்தில் சுற்றி வைத்த கதைதான். பழைய தளத்திலிருந்து ஒரு பலகையைப் பெயர்த்தபோது மேல்முகம் நன்றாக இருந்தது, பக்கங்களும் நன்றாக இருந்தன. விட்டத்தின் மேல் உட்கார்ந்திருந்த அந்த மூன்று அங்குல இடம் மட்டும் கன்னங்கரேலென்று, விரலால் வழித்தால் வரும் அளவுக்கு. விட்டத்திலும் அதே அகலத்தில் ஒரு பள்ளம். இரண்டு மரங்கள் ஒட்டி உட்காரும் இடம் காய்வதே இல்லை.

இதற்கு மூன்று காரியம் செய்தோம். ஒன்று, பலகையின் வெட்டு. மூன்று அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம், பலகைக்கும் பலகைக்கும் ஒன்றரை செ.மீ. இடைவெளி (குட்டிகள் நிற்கும் பகுதியில் ஒரு செ.மீ. போதும், அதற்கு மேல் விட்டால் கால் மாட்டும்). மரக்கடையில் அறுக்கும்போதே அடிப்பக்கம் கொஞ்சம் குறுகலாக வரும்படி சாய்த்து அறுக்கச் சொல்லுங்கள். இடைவெளி மேலே குறுகியும் கீழே அகன்றும் இருப்பதால் உள்ளே நுழைந்த புழுக்கை சிக்காமல் விழுந்துவிடும். கூடுதலாகக் கூலி கேட்பார்கள், கொடுத்துவிடலாம்.

இரண்டாவது, விட்டத்துக்குத் தொப்பி. பழைய லாரி டியூபை நீளவாக்கில் கீறி, விட்டத்தின் மேல்முகத்தை முழுதாக மூடி இரண்டு பக்கமும் முக்கால் அங்குலம் தொங்கும்படி போர்த்தினோம். தண்ணீர் ரப்பரின் விளிம்பிலிருந்து சொட்டிவிடும், விட்டத்தின் பக்கத்தில் வழியாது. ரப்பரில் நடுவில் கிழிசல் இருந்தால் தூக்கிப்போட்டுவிட்டு வேறு போடுங்கள், ஓட்டை ரப்பர் தண்ணீரை உள்ளே வாங்கிப் பூட்டி வைக்கும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. பலகைகளை விட்டத்தில் ஆணி அடித்து நிரந்தரமாக்காமல், ஐந்தடிக்கு இரண்டரையடிச் சட்டங்களாகச் செய்து சும்மா உட்கார வைத்தோம், மேலே ஒரு கொக்கி. துருப்பிடிக்காத எஃகுத் திருகு மட்டும்தான் போட்டோம், இரும்பாணி மூத்திரத்தில் ஒரு வருஷம் தாங்காது. இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு சட்டத்தைத் தூக்கிவிடலாம். மாதம் ஒருமுறை முறை வைத்து இரண்டு சட்டங்களை வெளியே எடுத்துக் கழுவி, சுவரில் சாய்த்து ஒரு நாள் வெயிலில் போடுகிறோம். கெட்டுப்போன பலகையை மாற்ற ஆசாரியைக் கூப்பிட வேண்டியதில்லை.

தண்ணீர்த் தொட்டியைப் பரணுக்குள் வைக்காதீர்கள். வெளியே தொங்கவிட்டு ஆடு தலையை நீட்டிக் குடிக்கட்டும். சிந்தியது வெளியே போகும். ஆடு ஏறும் சாய்பலகையின் அடிமுனை மண்ணில் ஊன்றாமல் ஒரு கல்லின் மேல் உட்காரட்டும்.

பரணுக்குக் கீழே

கீழ்த்தரையில் ஈரம் நின்றால் அது ஆவியாகி மேலே பலகையின் அடிமுகத்துக்குத்தான் வரும். அதனால் கீழே மூன்று அங்குலம் கான்கிரீட், நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் நாலடிக்கு ஒரு அங்குலம் சரிவு, ஓரத்தில் ஒரு சின்ன வாய்க்கால், அது போய்ச் சேர ஒரு குழி. 12க்கு 10 அளவுக்கு ஒன்று இரண்டு நாலு கலவையில் ஐந்தரை மூட்டை சிமெண்ட் ஆகும். அடியில் ஜல்லிப் படுகையின் மேல் 250 மைக்ரான் பாலிதீன் தாளை ஓரங்கள் அரையடி ஒன்றன்மேல் ஒன்று ஏற விரித்துவிட்டு ஊற்றினால் கீழிருந்து ஓதம் (மண்ணின் ஈரம்) ஏறாது. ஏழு நாளாவது தண்ணீர் கட்டுங்கள். பரண் இல்லாமல் வெறும் தரையில் சாமான் கொட்டகை வைத்திருப்பவர்கள், ஓதம் ஏறுகிறதா என்று பார்க்க, ஒன்றரையடிப் பாலிதீன் துண்டைத் தரையில் விரித்து நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு இரவு விடுங்கள். காலையில் அடிப்பக்கம் வியர்த்திருந்தால் மூட்டைகளை வெறும் தரையில் அடுக்கக் கூடாது.

புழுக்கை எருவை வாரம் ஒருமுறை வாரிவிடுங்கள். எருக்குவியல் காலைத் தொட்டுக்கொண்டு கிடந்தால் இவ்வளவு செய்ததும் வீண்.

கூரை விளிம்பு

தகரமோ கலர் ஷீட்டோ, ஓரடிக்கு இரண்டு அங்குலச் சரிவு, தாழ்ந்த பக்கம் இரண்டடி இறவாணம். இறவாணத் தண்ணீர் விழும் கோட்டில் ஓரடி அகலத்துக்கு மண்ணை எடுத்துவிட்டு ஜல்லியைக் கொட்டினால் சேறு தெறிப்பது பெரும்பாலும் நின்றுவிடும். அதைவிட நல்லது நாலு அங்குல பி.வி.சி. குழாயை நீளவாக்கில் பாதியாக அறுத்துத் தொங்கவிட்டு, பத்தடிக்கு ஒரு அங்குலம் சரித்து, தண்ணீரை ஒரு பேரலுக்கோ தென்னைக்கோ கொண்டுபோவது. புரட்டாசியில் அதிலிருக்கும் சருகை அள்ளிவிட மறக்கக் கூடாது.

திருகுகள் ஷீட்டின் மேட்டில் இருக்க வேண்டும், பள்ளத்தில் இருந்தால் தண்ணீர் ஓடும் பாதையிலேயே ஓட்டை போட்டதாகும். ரப்பர் வாஷர் பிதுங்கி நசுங்கும் அளவு முறுக்கினால் அது சீக்கிரம் வெடிக்கும். ஒட்டி உட்கார்ந்தால் போதும். மழை படாத கைமரங்களுக்கு மட்டும் போரிக் அமிலமும் போராக்ஸும் கலந்த கரைசலை அடிக்கலாம். 20 லிட்டர் வெந்நீருக்கு 400 கிராம் போரிக் அமிலம், 600 கிராம் போராக்ஸ். உளுப்பூச்சிக்கும் பூஞ்சைக்கும் நல்லது. மழையில் நனையும் கட்டையில் அடித்தால் கரைந்து போய்விடும், அங்கே வீணாக்காதீர்கள்.

சாரலுக்குப் பழைய பிளக்ஸ் பேனரைச் சுற்றிக் கட்டுவது நம் ஊரில் எல்லாக் கொட்டத்திலும் உண்டு. கட்டுங்கள், ஆனால் காலோடு ஒட்டாமல் ஒரு கை இடைவெளி விட்டு, சுருட்டி மேலே தூக்குகிற மாதிரி. மழை விட்டதும் தூக்கிவிட வேண்டும். மூன்று மாதம் இறக்கியே வைத்தால் உள்ளே புழுக்கமும் மூத்திர நெடியும் ஈரமும் சேர்ந்து ஆட்டுக்குச் சளியும் பிடிக்கும், மரமும் போகும்.

ஏற்கெனவே மக்கிய கால் இருந்தால்

கொட்டத்தைப் பிரிக்க வேண்டியதில்லை. ஆடுகளை வேறிடத்தில் கட்டிவிட்டு, மக்கிய காலுக்குப் பக்கத்தில் பலமான பலகையை விரித்து, அதன் மேல் கார் ஜாக்கியும் ஒரு கட்டையும் வைத்து, விட்டத்தை அரை அங்குலம் மட்டும் தூக்குங்கள். அதற்கு மேல் தூக்கினால் கூரைத் திருகுகள் இழுபடும். பக்கத்திலேயே இன்னொரு முட்டுக்கட்டையும் நிறுத்துங்கள், ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கையை விடாதீர்கள். பிறகு அரிவாள் நுனியால் குத்திக்கொண்டே மேலே போங்கள். கெட்டி மரம் தொடங்கும் இடத்திலிருந்து இன்னும் ஓரடி மேலே அறுங்கள், பூஞ்சை கண்ணுக்குத் தெரிவதைவிட மேலே போயிருக்கும். அறுத்த வெட்டுமுகத்துக்குப் பிரைமர். மண்ணுக்குள் கிடக்கும் பழைய அடிக்கட்டையை முழுதாகத் தோண்டி எடுத்துவிடுங்கள், விட்டால் கரையானுக்கு அதுவே வீடு. அந்தக் குழியிலேயே தூணை, அறுத்த அளவுக்கு உயரமாக ஊற்றி லாடத்தைப் பதியுங்கள்.

எங்கள் மூலைக் காலுக்குத் தூண் இரண்டேகாலடி உயரம் வந்தது. பத்து நாள் முட்டுக்கட்டையில் நிற்கவிட்டு, தண்ணீர் கட்டி, பிறகுதான் ஜாக்கியை இறக்கினோம், ஒவ்வொரு சுற்றுக்கும் நிறுத்திக் கால் லாடத்தில் நேராக உட்காருகிறதா என்று பார்த்தபடி. போல்ட்டை அன்றைக்கே ஒருமுறை முறுக்கினோம், மரம் இன்னும் காய்ந்து இறங்கிய பிறகு தையில் இன்னொருமுறை.